சுவிட்சைத் தொடும் முன்: தோட்டத்து ஸ்டோரிலிருந்து வரும் வால்வு ஆம்ப்

வால்வு என்னும் கண்ணாடிக் குழாய்களால் ஓடும் பழைய கிட்டார் ஆம்ப் (ஒலிபெருக்கி) ஒன்று கைக்கு வந்ததும் எல்லாரும் முதலில் செய்வது ஒன்றே: பிளக்கைச் சொருகிப் பார்ப்பது. விற்பவரும் அதையே சொல்வார். “லைட் எரியுது பாருங்க, ஓடும்.” ஐம்பது வருடம் மழையையும் எலியையும் தாக்குப்பிடித்த ஆம்ப், மீட்க வந்தவர் கையாலேயே சாவது இந்த இடத்தில்தான்.

காரணம் எளிது. சும்மா கிடந்த எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டருக்குள் அலுமினியத் தகட்டின் மேல் இருக்கும் ஆக்சைடு படலம் தேய்ந்து போயிருக்கும். திடீரென்று 350 வோல்ட் ஏறினால் அது கெப்பாசிட்டராக நடந்துகொள்ளாது, வெறும் கம்பி மாதிரி மின்சாரத்தை விழுங்கும். அந்தச் சுமை முதலில் ஏ.சி.-யை டி.சி.-யாக்கும் ரெக்டிஃபையர் வால்வில் விழும், அங்கிருந்து சுவர் மின்சாரத்தை வாங்கும் மெயின்ஸ் டிரான்ஸ்பார்மருக்குப் போகும். வார்னிஷ் கருகும் வாடை வரும்போது காரியம் முடிந்திருக்கும். வால்வு புதிதாகக் கிடைக்கிறது. கெப்பாசிட்டர், ரெசிஸ்டர், குமிழ், ஒயர் எல்லாம் காசு கொடுத்தால் வரும். அந்த ஆம்ப்புக்கென்றே சுற்றிய டிரான்ஸ்பார்மர் மட்டும் வராது. ஆகவே இந்த வேலையின் ஒவ்வொரு படியும் டிரான்ஸ்பார்மரைக் காப்பாற்றுவதற்காகத்தான். மற்றதெல்லாம் மாற்றக்கூடிய சாமான்.

மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டம் சூழ்ந்த ஊரில் என்ன கிடைக்கும் என்பதில் தெளிவு வேண்டும். 1961-இல் இங்கிலாந்துப் பாடகர் கிளிஃப் ரிச்சர்டும் அவரோடு வாசித்த ஷேடோஸ் குழுவும் சிங்கப்பூருக்கு வந்து வாசித்துவிட்டுப் போனபின் மலாயா முழுக்க எலெக்ட்ரிக் கிட்டார் பைத்தியம் பிடித்தது. ஷேடோஸ் கையில் இருந்தது வாக்ஸ். இங்கிலாந்தில் டார்ட்ஃபோர்டில் ஜே.எம்.ஐ. கம்பெனி செய்த ஏ.சி.15, பிறகு ஏ.சி.30. பிரிட்டிஷ் சாமான் தாராளமாக வந்து இறங்கிய காலம் என்பதால் வாக்ஸ், செல்மர், வாட்கின்ஸ் மூன்றும் இன்னும் இங்கே தலைகாட்டுகின்றன. அவற்றை விட அதிகம் ஜப்பானிய டெய்ஸ்கோவும் கையாடோனும். அதையும் விட அதிகம், கிட்டார் ஆம்ப்பே அல்லாத மேடை ஆம்ப்: கோயில் திருவிழாவுக்கும் தோட்டத்து மண்டபத்துக்கும் கூம்பு ஸ்பீக்கரை ஓட்டிய வால்வு பெட்டி. அதைக் குப்பை என்று தள்ளிவிடாதீர்கள், பின்னால் வருகிறேன்.

தேட வேண்டிய இடங்கள்: கோயில் ஸ்டோர் ரூம் (கமிட்டித் தலைவரிடம் கேட்டு, ரசீது எழுதி வாங்குங்கள், கோயில் சொத்தில் வாய்ப்பேச்சு வேண்டாம்), மூடப்போகும் பழைய ரேடியோ ரிப்பேர் கடை, பெசி புரோக் (பழைய இரும்பு) கடை, ஈப்போவில் ஞாயிறு காலை கூடும் பாசார் காராட் (பழைய சாமான் சந்தை), பினாங்கு லோரோங் கூலிட். கடையில் ‘வின்டேஜ்’ என்று சீட்டு ஒட்டிவிட்டால் அதற்குத் தனி விலை. பெசி புரோக்கில் கிலோ கணக்கு. ஆனால் அங்கே செம்புக்காக டிரான்ஸ்பார்மரை முதலில் கழற்றிவிடுவார்கள். அதனால் சீக்கிரம் போக வேண்டும்.

விலை பேசும் முன் பையில் ஒரு மல்டிமீட்டர் இருக்கட்டும். மின்சாரமே இல்லாமல் ஐந்து நிமிடத்தில் டிரான்ஸ்பார்மரின் ஜாதகம் தெரிந்துவிடும். பிளக்கின் இரண்டு மெயின்ஸ் முனைக்கு நடுவே, சுவிட்சை ஆன் பக்கம் வைத்து ஓம் அளக்கவும். 15 வாட் ஆம்ப் என்றால் ஏறத்தாழ 15-லிருந்து 40 ஓம் வரை காட்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் பயப்பட வேண்டாம், ஃபியூஸ் போயிருக்கலாம். ஃபியூஸைக் கழற்றிப் பாருங்கள். அதில் சிகரெட் பெட்டி வெள்ளித்தாள் சுற்றியிருந்தால் விலையைப் பாதியாக்கிக் கேட்கலாம்: உள்ளே ஏதோ ஒன்று ஃபியூஸைத் திரும்பத் திரும்ப எரித்திருக்கிறது, யாரோ அதன் வாயை அடைத்துவிட்டு ஓட்டியிருக்கிறார்கள்.

அடுத்தது ஸ்பீக்கரை ஓட்டும் அவுட்புட் டிரான்ஸ்பார்மர். இ.எல்.84 என்ற அவுட்புட் வால்வு இரண்டு உள்ள ஆம்ப் என்றால் வால்வுகளைப் பிடுங்கிவிட்டு, இரண்டு சாக்கெட்டின் 7-ஆம் காலுக்கும் நடுவே அளக்கவும். 200 முதல் 400 ஓம் வரை வரும். நடு முனையிலிருந்து இரண்டு பக்கமும் தனித்தனியாக அளந்தால் கொஞ்சம் ஏற்றத்தாழ்வு இருப்பது இயல்பே. வெளிச்சுற்றில் கம்பி நீளம் அதிகம் என்பதால் ஓம் அதிகமாகும். ஒரு பக்கம் அறவே தொடர்பு இல்லை என்றால் சுருள் அறுந்துவிட்டது. அப்படிப்பட்ட ஆம்ப்பைப் பெட்டி விலைக்கு மட்டும் வாங்குங்கள். மோட்டார் சுற்றும் கடைக்காரர் மெயின்ஸ் டிரான்ஸ்பார்மரைச் சுற்றித் தருவார்; நல்லாவே சுற்றுவார். அவுட்புட் டிரான்ஸ்பார்மரில் பிரைமரியையும் செகண்டரியையும் அடுக்கடுக்காக மாற்றி மாற்றிச் சுற்ற வேண்டும். தண்ணீர் பம்ப் சுற்றிப் பழகிய கைக்கு அது வேறு வித்தை.

வீட்டுக்கு வந்ததும் சேசியை (சாமான்கள் பொருத்திய உலோகத் தட்டை) பெட்டியிலிருந்து கழற்றி, எதையும் தொடும் முன் எல்லாப் பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகுதான் சுத்தம். நம் ஊர் ஆம்ப்பின் உள்ளே இருப்பதை எந்த வெள்ளைக்காரர் புத்தகமும் சொல்லாது. குளவி மண்ணைக் குழைத்து ஒயர்களைப் பற்றவைத்த டேக் ஸ்டிரிப் பட்டையின் மேலேயே கூடு கட்டியிருக்கும். உலர்ந்திருக்கும்போது அது வெறும் மண். மழைக்காலத்தில் ஈரம் குடித்தால் 300 வோல்ட் முனைக்கும் பக்கத்து கிரிட் முனைக்கும் (வால்வுக்குள் ஒலி நுழையும் இடம்) நடுவே அது ஒரு ரெசிஸ்டர். பல்லி முட்டை ஓடும் பல்லிப் பீயும் சாக்கெட் கால்களுக்கு இடையே ஒட்டிக் கிடக்கும். அந்த இடத்தில் பச்சைக் களிம்பு பூத்திருக்கும். மூங்கில் சத்தே குச்சியால் சுரண்டி, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தட்டி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் துடைக்கவும். தண்ணீர் கூடாது. டபிள்யு.டி.40 பாட்டிலை அந்த அறைக்குள்ளேயே கொண்டுவராதீர்கள். அது விட்டுச்செல்லும் எண்ணெய்ப் படலம் தூசியைச் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும்.

அடுத்து உலர்த்தல். இதைத் தாவிப் போகிறவர்கள்தான் அதிகம். டிரான்ஸ்பார்மருக்குள் இருப்பது காகிதம்; சாமான்களைத் தாங்கும் பாக்சோலின் பலகையும் பிசின் ஊட்டிய காகிதமே. இரண்டும் நம் காற்றில் வருடக்கணக்கில் ஈரம் குடித்தவை. சேசியை ஒரு மூடிய அட்டைப் பெட்டியிலோ மரப் பெட்டியிலோ வைத்து, 40 வாட் இழை பல்பு ஒன்றை அட்டையைத் தொடாமல் எரியவிட்டு, மேலே காற்றுப் போக இரண்டு துளை விட்டு இரண்டு மூன்று நாள் வையுங்கள். ஆள் இல்லாத வீட்டில் எரியவிட வேண்டாம். உள்ளே 50 டிகிரி போதும். 60-ஐத் தாண்டினால் மெழுகு ஊட்டிய டிரான்ஸ்பார்மரில் மெழுகு கசியத் தொடங்கும். பிறகு எலெக்ட்ரீஷியனிடம் மெகர் (இன்சுலேஷன் அளக்கும் மீட்டர்) கடன் வாங்கி, டிரான்ஸ்பார்மரின் முனைகளைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு சுருளுக்கும் இரும்புக்கும் நடுவே 500 வோல்ட்டில் அளக்கவும். பத்துக் கணக்கில் மெகா ஓம் வந்தால் சரி. ஒன்றிரண்டு மெகா ஓம் என்றால் மறுபடியும் பெட்டிக்குள் போகட்டும். உலர உலர எண் ஏறும். ஏறாமல் நின்றுவிட்டால் இன்சுலேஷன் கெட்டுவிட்டது.

மெயின்ஸ் பக்கம் கறாராக இருக்க வேண்டும். பழைய இரண்டு கம்பி ஒயரையும் உருண்டைக் கால் பிளக்கையும் வெட்டி எறியுங்கள். மூன்று கம்பி ஒயர், 13 ஆம்பியர் பிளக், அதற்குள் 3 ஆம்பியர் ஃபியூஸ். பிரவுன் கம்பி ஃபியூஸுக்கும் சுவிட்சுக்கும், நீலம் நியூட்ரலுக்கு, பச்சை-மஞ்சள் எர்த்துக்கு. எர்த் கம்பிக்கென்று சேசியில் தனி போல்ட்டு வேண்டும், டிரான்ஸ்பார்மரைப் பிடிக்கும் போல்ட்டில் சேர்த்து முறுக்கக் கூடாது. பெயிண்ட்டைச் சுரண்டி, வளையக் கிளிப் போட்டு, பல் வாஷர் வைத்து இறுக்குங்கள். ஒயர் இழுபட்டால் கடைசியாக அறுவது எர்த்தாக இருக்கும்படி அதைக் கொஞ்சம் நீளமாக விடவும். அமெரிக்க ஆம்ப்பில் மெயின்ஸிலிருந்து சேசிக்கு ஒரு கெப்பாசிட்டர் ஓடும், பெரும்பாலும் 0.047 மைக்ரோஃபாரட். அது ஷார்ட் ஆனால் கிட்டார் கம்பியில் மெயின்ஸ் வரும். கழற்றிவிடுங்கள், மாற்று தேவையில்லை.

வோல்ட்டேஜ் தேர்வுக் கட்டை எங்கே நிற்கிறது என்றும் பாருங்கள். இந்த நாட்டில் பெயரளவில் 230 வோல்ட், ஆனால் சுவரில் அளந்தால் 240-ஐத் தாண்டியே நிற்கும். பழைய வாக்ஸில் 205, 225, 245 என்று இருக்கும், 245-இல் வையுங்கள். 245 வோல்ட் வரும் இடத்தில் 225-இல் விட்டால் வால்வைச் சூடாக்கும் 6.3 வோல்ட் ஹீட்டருக்கு 6.9 வோல்ட் போகும், எச்.டி. எனப்படும் உயர் வோல்ட்டேஜும் அதே விகிதத்தில் ஏறும். ஜப்பானிய ஆம்ப்பின் பின் தகட்டில் 100 வோல்ட் என்று மட்டும் இருந்தால் அதை நம் சுவரில் சொருகுவது தற்கொலை, 150 வி.ஏ.-க்குக் குறையாத ஸ்டெப்டவுன் தேவை, அதுவும் இரண்டு தனிச் சுருள் உள்ளது. மலிவான ஆட்டோ டிரான்ஸ்பார்மர் வோல்ட்டேஜைக் குறைக்கும், மெயின்ஸிலிருந்து பிரிக்காது.

இன்னொன்று. வீட்டில் இ.எல்.சி.பி. (கசிவு கண்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கிறது, அது காப்பாற்றும் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். டிரான்ஸ்பார்மரின் அந்தப் பக்கம் இருக்கும் 350 வோல்ட்டை இ.எல்.சி.பி. பார்க்கவே பார்க்காது. நீங்கள் அதைப் பிடித்துக்கொண்டு துடித்தாலும் அது சும்மா இருக்கும். ஆகையால் ஒவ்வொரு முறையும்: பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கு, 10 கிலோ ஓம் 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றை இன்சுலேட்டட் கிளிப்பில் மாட்டி முதல் கெப்பாசிட்டரின் பிளஸ்ஸுக்கும் சேசிக்கும் நடுவே பத்து விநாடி பிடி, மீட்டரில் 10 வோல்ட்டுக்குக் கீழே வந்ததைக் கண்ணால் பார், பிறகே கை வை. மின்சாரம் ஓடும்போது அளக்க வேண்டியிருந்தால் ஒரு கை முதுகுக்குப் பின்னால், காலில் காய்ந்த ரப்பர் செருப்பு.

இனி கெப்பாசிட்டர். பெரிய எலக்ட்ரோலிட்டிக் அனைத்தையும் மாற்றுங்கள். பழையதை மெல்ல மெல்ல வோல்ட்டேஜ் ஏற்றி உயிர்ப்பிக்கலாம் என்பவர்களோடு நான் வாதாடுவதில்லை, என் ஆம்ப்பில் செய்யமாட்டேன். 32+32 மைக்ரோஃபாரட் 500 வோல்ட் இரட்டைக் கேன் இன்றும் புதிதாகச் செய்கிறார்கள். பழைய அலுமினியக் கேனைத் தோற்றத்துக்கு மேலேயே விட்டுவிட்டு, முனைகளைத் துண்டித்து, அடியில் தனித்தனிக் கெப்பாசிட்டர் போடுவதும் உண்டு. பெரியதாகப் போட்டால் இரைச்சல் குறையுமே என்று முதல் இடத்தில் 100 மைக்ரோஃபாரட் போடாதீர்கள். ரெக்டிஃபையர் வால்வுகளில் இ.இசட்.81 தாங்குவது 50, ஜி.இசட்.34 தாங்குவது 60. அதற்கு மேல் போனால் சுவிட்ச் போடும் ஒவ்வொரு முறையும் ரெக்டிஃபையருக்குள் பொறி பறக்கும். வால்வுகளின் கேத்தோடு முனைகளில் இருக்கும் 25 மைக்ரோஃபாரட் 25 வோல்ட் சின்னதுகளையும் சேர்த்து மாற்றுங்கள். கோலாலம்பூர் ஜாலான் பாசாரில் வாங்குவதானால் கையில் எடுத்துப் பாருங்கள்: 450 வோல்ட் என்று எழுதியது சுண்டு விரல் நகம் அளவுக்கு இருந்தால் அது எழுத்து மட்டுமே.

பிறகு கப்ளிங் கெப்பாசிட்டர். வால்வு ஆம்ப் ரிப்பேரில் அதிக சேதத்தை விளைவிக்கும் சாமான் இதுவே, கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. ஒலியை இரண்டு அவுட்புட் வால்வுக்கும் பிரித்துக் கொடுக்கும் ஃபேஸ் ஸ்பிளிட்டர் வால்வின் பிளேட்டில் (ஒலி வெளியேறும் தகடு) 200 வோல்ட் நிற்கிறது. அங்கிருந்து 0.1 மைக்ரோஃபாரட் வழியாக ஒலி மட்டும் அவுட்புட் வால்வின் கிரிட்டுக்குப் போக வேண்டும், டி.சி. துளிகூடப் போகக் கூடாது. கிரிட்டிலிருந்து எர்த்துக்கு 470 கிலோ ஓம். ஈரம் குடித்த காகிதக் கெப்பாசிட்டர் 50 மெகா ஓம் கசிகிறது என்று வைத்துக்கொள்வோம். மல்டிமீட்டரில் ஓம் அளந்தால் அநேகமாக நல்லது என்றே காட்டும், ஏனென்றால் மீட்டர் கொடுப்பது ஓரிரு வோல்ட். ஆம்ப்புக்குள்ளோ கிரிட்டில் 1.9 வோல்ட் பிளஸ் ஏறிவிடும். 11 வாட்டில் அமைதியாக ஓடிய இ.எல்.84 தன் எல்லையான 12 வாட்டைத் தாண்டும். சூடு ஏற ஏறக் கெப்பாசிட்டர் இன்னும் கசியும், வால்வு இன்னும் இழுக்கும். கடைசியில் பிளேட் மங்கிய சிவப்பாக ஒளிரும். முதல் பத்து நிமிடம் நன்றாக வாசித்து, பிறகு ஒலி மங்கி உடையும் ஆம்ப் என்றால் இதை முதலில் சந்தேகப்படுங்கள்.

கண்டுபிடிக்கும் வழி: அவுட்புட் வால்வு இரண்டையும் கழற்றி, மற்ற வால்வுகளோடு ஆம்ப்பை ஓடவிட்டு, சாக்கெட்டின் 2-ஆம் காலுக்கும் (கிரிட்) சேசிக்கும் நடுவே டி.சி. வோல்ட் அளக்கவும். பூஜ்யம் வர வேண்டும். சில பத்து மில்லிவோல்ட்டைப் பொறுத்துக்கொள்ளலாம், அரை வோல்ட் என்றால் உடனே மாற்றுங்கள். அவுட்புட் வால்வு இல்லாதபோது எச்.டி. 400-ஐத் தாண்டும் என்பதை மறக்காமல், சீக்கிரம் அளந்துவிட்டு நிறுத்தவும். மல்லார்டின் கடுகு மஞ்சள் நிறக் கெப்பாசிட்டர் இருந்தால் கை வைக்காதீர்கள், அறுபது வருடம் ஆனாலும் பெரும்பாலும் கசியாது. ஹன்ட்ஸ் என்று எழுதிய, மேல்பூச்சு வெடித்த கறுப்பு அல்லது பழுப்பு உருளைகள் இருந்தால் அளக்கவே வேண்டாம், மாற்றிவிடுங்கள். புதிதுக்கு 630 வோல்ட் பாலியெஸ்டர் போதும். தங்கப் பூச்சு, எண்ணெயில் ஊறவைத்தது என்று விற்கும் விலையுயர்ந்த சாமான்களின் காசில் நல்ல வால்வு வாங்கலாம்.

ரெசிஸ்டர்களில் எல்லாவற்றையும் மாற்றும் வெறி வேண்டாம். பழைய கார்பன் கட்டைகள் ஈரத்தில் ஏறும்: 100 கிலோ ஓம் என்று பட்டை போட்டது 140 காட்டும். 20 சதவீதத்துக்கு மேல் விலகியதையும், பிளேட்டில் இருந்துகொண்டு பொரியல் சத்தம் போடுவதையும் மட்டும் மாற்றவும். கால் வாட் சாமான் 250 வோல்ட் வரைதான் தாங்கும் என்பதால் எச்.டி. பக்கம் குறைந்தது அரை வாட், முடிந்தால் ஒரு வாட். அதிகப் பழைய ஆம்ப்பில் ஒயரின் மேலுறை இயற்கை ரப்பர். தொட்டால் பிஸ்கட் போல உதிரும். இந்தப் பக்கத் தோட்டத்துப் பால்தான் கப்பலேறிப் போய் ஒயராகத் திரும்பி வந்ததோ என்னவோ. எதுவானாலும் அதற்கு ஆயுள் முடிந்துவிட்டது, 600 வோல்ட் தாங்கும் பி.வி.சி. ஒயர் போடுங்கள். ஹீட்டர் ஒயரை இறுக்கி முறுக்கி, சேசியின் மூலையோடு ஒட்டிக் கொண்டுபோகவும். சாக்கெட்டுக்கும் வால்யூம் குமிழுக்கும் கான்டாக்ட் கிளீனர், சாக்கெட் பிடி தளர்ந்திருந்தால் ஊசியால் நெருக்கிவிடுவது, அவ்வளவே.

இப்போது மின்சாரம். அதற்கு முன் ஒரு சீரிஸ் போர்டு: லைவ் கம்பியின் நடுவே ஒரு பல்பு ஹோல்டர், பிறகு ஆம்ப்பின் பிளக் சாக்கெட். பல்பு இழை பல்பாகவே இருக்க வேண்டும், 60 வாட். எல்.இ.டி. இந்த வேலைக்கு உதவாது. சாமான் கடையில் இப்போது கிடைக்கவில்லை என்றால் கோழித்தீவனக் கடையில் கேளுங்கள், குஞ்சுகளுக்குச் சூடு கொடுக்க அங்கே வைத்திருப்பார்கள்.

வால்வு ஒன்றுகூட இல்லாமல் முதல் சுவிட்ச். பல்பு ஒரு கணம் மினுங்கி அணைந்தால் டிரான்ஸ்பார்மர் உயிரோடிருக்கிறது. பளிச்சென்று எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட், நிறுத்துங்கள். எல்லாம் சரியென்றால் ஹீட்டர் முனையில் ஏ.சி. அளக்கவும், சுமை இல்லாததால் 6.8, 7 என்றுகூட வரும். ரெக்டிஃபையர் சாக்கெட்டின் 1, 7 கால்களில் நடு முனைக்கு இருபக்கமும் ஒரே அளவு ஏ.சி. வர வேண்டும், 290, 300 என்பது போல. பிறகு இ.இசட்.81-ஐ மட்டும் போட்டு எச்.டி. மெல்ல ஏறுவதைப் பாருங்கள். பல்பு மங்கலாகவே இருந்தால் நல்லது. அடுத்து சின்ன வால்வுகள், மேலே சொன்ன 2-ஆம் கால் சோதனை. ஸ்பீக்கரை மாட்டியபிறகே அவுட்புட் வால்வு. ஸ்பீக்கர் இல்லாமல் வால்வு ஆம்ப்பை ஓட்டி, கிட்டாரை மீட்டினால், அவுட்புட் டிரான்ஸ்பார்மரின் பிரைமரியில் ஆயிரம் வோல்ட்டுக்கு மேல் எழும்பி இன்சுலேஷனைத் துளைக்கும். டிரான்சிஸ்டர் ஆம்ப்பில் பழகியவர்கள் இங்கே சறுக்குவார்கள்.

பல்பை எடுத்துவிட்டு நேரடி மெயின்ஸில் ஓட்டும்போது பயாஸைக் கணக்கிடுங்கள், அதாவது ஒலி இல்லாதபோது வால்வு இழுக்கும் மின்சாரத்தை. இரண்டு இ.எல்.84-க்கும் பொதுவாக 130 ஓம் கேத்தோடு ரெசிஸ்டர், அதன் குறுக்கே 10.5 வோல்ட் என்றால் மொத்தம் 81 மில்லி ஆம்பியர். வால்வின் இன்னொரு முனையான ஸ்கிரீனுக்கு ஆளுக்கு ஐந்து போனால் மீதி 71, ஒரு வால்வுக்கு 35.5. பிளேட்டுக்கும் கேத்தோடுக்கும் நடுவே 310 வோல்ட் இருந்தால் 11 வாட். நல்ல இடம். 13, 14 என்று வந்தால் ரெசிஸ்டரை 150 ஓம் ஆக்குங்கள். ஹீட்டர் இப்போது 6.0-க்கும் 6.6-க்கும் நடுவே இருக்க வேண்டும். விளக்கை அணைத்து இருட்டில் பிளேட்டைப் பாருங்கள்; இழையின் ஆரஞ்சு வெளிச்சம் இயல்பு, சாம்பல் நிறத் தகடு சிவக்கக் கூடாது.

இரைச்சல் இருந்தால் அதன் சுருதியைக் கேளுங்கள். 100 ஹெர்ட்ஸில் கரகரக்கும் இரைச்சல் ஃபில்டர் கெப்பாசிட்டர் பக்கம். அதற்கு ஒரு ஸ்தாயி கீழே, 50 ஹெர்ட்ஸில் உருளும் இரைச்சல் ஹீட்டர் அல்லது எர்த் பக்கம். ஹீட்டர் சுருளுக்கு நடு முனை இல்லையென்றால் இரண்டு பக்கமிருந்தும் 100 ஓம் வீதம் சேசிக்குக் கொடுங்கள், பாதி ஆம்ப்களில் அதோடு அடங்கிவிடும். வால்யூமைத் திருப்பினால் இரைச்சலும் கூடிக் குறைந்தால் கோளாறு வால்யூமுக்கு முன்னால். குமிழைத் திருப்பும்போது மட்டும் கரகரப்பு, கிளீனர் அடித்தும் போகவில்லை என்றால் குமிழின் மேல் டி.சி. ஏறியிருக்கிறது, அதாவது மறுபடியும் கப்ளிங் கெப்பாசிட்டர். மழை பெய்யும் நாளில் மட்டும் படபடக்கும் ஆம்ப்பில் மீட்டரின் ஒரு முனையைச் சேசியிலும் மறு முனையைப் பாக்சோலின் பலகையின் வெறும் இடத்திலும் வையுங்கள். பலகையில் வோல்ட் தெரிந்தால் ஈரம் இன்னும் உள்ளே இருக்கிறது. மறுபடி உலர்த்தல் பெட்டி.

ஸ்பீக்கரை நான்கு விரலால் சமமாக அழுத்தி விட்டுக் காது வையுங்கள். உரசல் கேட்டால் வாய்ஸ் காயில் (கூம்போடு அசையும் சுருள்) நடுவில் இல்லை அல்லது துரு நுழைந்திருக்கிறது. 16 ஓம் என்று எழுதிய ஸ்பீக்கர் மீட்டரில் 11-லிருந்து 13 காட்டும், அது பழுதல்ல. கரப்பான் கடித்த காகிதக் கூம்புக்கு டிஷ்யூ பேப்பரும் தண்ணீர் கலந்த வெள்ளைப் பசையும் போதும். பழைய செலெஸ்டியனையோ குட்மன்ஸையோ சின்னக் கிழிசலுக்காகத் தூக்கி எறியாதீர்கள். மரப்பெட்டியில் கறையான் புகுந்திருந்தால் மருந்து ஊசியால் துளைக்குள் செலுத்தி ஒரு வாரம் தனியே மூடி வைக்கவும். ஊறிப் புடைத்த துகள் பலகைக்கு மருந்தில்லை, 12 மில்லிமீட்டர் பிளைவுட்டில் புதிது வெட்டுங்கள். ரெக்சினில் பூஞ்சைக்கு வினிகர்.

மேடை ஆம்ப்பைப் பற்றிச் சொன்னேன் அல்லவா. இ.எல்.34 இரண்டு போட்ட கோயில் பெட்டியின் டிரான்ஸ்பார்மர்கள் பெரும்பாலும் கிட்டார் ஆம்ப்பில் இருப்பதைவிடக் கனமானவை, நாள் முழுக்க ஓடுவதற்கென்று சுற்றியவை. பின்னால் 100 வோல்ட் லைன் என்று ஒரு முனை இருக்கும். 30 வாட் ஆம்ப்பில் அது 333 ஓம் சுமைக்கானது. 8 ஓம் ஸ்பீக்கரை அங்கே மாட்டினால் ஷார்ட்டுக்குச் சமம். 4, 8, 16 என்று பக்கத்திலேயே தனி முனை இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் வாங்க வேண்டாம். முன்பக்க வேலை சுலபம்: மைக் இன்புட்டில் சின்ன டிரான்ஸ்பார்மர் இருந்தால் விலக்கிவிட்டு, கிட்டார் ஜாக்கிலிருந்து 68 கிலோ ஓம் வழியாக இ.சி.சி.83 என்ற சின்ன வால்வின் கிரிட்டுக்கு, ஜாக்கிலிருந்து எர்த்துக்கு 1 மெகா ஓம், கேத்தோடில் 1.5 கிலோ ஓமும் 25 மைக்ரோஃபாரட்டும், பிளேட்டுக்கு 100 கிலோ ஓம். அடுத்த கட்டத்துக்கு 0.022 மைக்ரோஃபாரட். பெயர் பெற்ற ஆம்ப்பை நம் ஊரில் தேடி அலைவதைவிட இதைச் செய்யலாம் என்பேன். விலையும் குறைவு, துளை போட மனசும் வலிக்காது.

ஓடத் தொடங்கியபின் மாதம் ஒருமுறையாவது ஒரு மணி நேரம் சூடேற்றுங்கள், ஈரம் உள்ளே குடியேறாது. துணி உறையை முழுக்க இழுத்து மூடாமல் அடியில் ஒரு கை அகலம் விடவும். மாலையில் இடி முழங்கினால் சுவிட்சை அணைப்பது போதாது, பிளக்கைப் பிடுங்கி வையுங்கள்.